அசையாமல் சுற்றிய குடம்

காலை பத்தரை மணி, பதினாறு படங்கள், தங்கராசு. பொருட்களைச் சுற்றிக் காட்டும் என் தொழில் 2001 தை மாதத்தில் இந்த மூன்றோடுதான் தொடங்கியது. ஒரு பொருளின் முகத்தை மட்டும் வரைகிறவர்கள் பாக்கியசாலிகள். அதன் முதுகையும் விலாவையும் சேர்த்து வரையச் சபிக்கப்பட்ட சகபாடிகளுக்காக இதை எழுதுகிறேன்.

சுற்றாத சுற்று

திருச்சியில் ஒரு நாளிதழில் பதினோரு வருடம் படம் போட்டுக்கொண்டிருந்தேன். மனைவிக்குச் சிறுவாச்சூரில் டீச்சர் வேலை, குடியிருப்பு பெரம்பலூரில். என் ஆயுளில் பாதி திருச்சி பஸ்ஸில் கழிந்தது. அந்தச் சமயத்தில்தான் பெரம்பலூரில் கேபிள் டிவி நடத்திய ஸ்டீபன் கூப்பிட்டுவிட்டார். ஏலாக்குறிச்சிக்காரர், சுருக்கமாகப் பேசுகிறவர். பாத்திரக்கடைத் தங்கராசுவின் விளம்பரத்துக்கு டிவியில் ஒரு பித்தளைக் குடம் சுற்ற வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் சுற்றினால் ஸ்டீபன் ஆபீஸில் எனக்கு நிரந்தரமாக ஒரு நாற்காலி. சுற்றாவிட்டால் மறுபடி பஸ். பத்திரிகைக்கு ஒரு வாரம் லீவு சொன்னேன்.

குடத்தை மேசைமேல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, பதினாறு படம் வரைந்தேன். ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினோம். செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குத் தங்கராசு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்ல குடத்துக்கு எல்லாப் பக்கமும் ஒரே பக்கம்தான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு நிமிடம் பொறுமையாகப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "கொடம் அப்புடியே நிக்குது. பதினாறு படம் வரைஞ்சீங்களா, ஒரு படத்தையே பதினாறு தடவ காட்டுறீங்களா?"

டார்ச் லைட்

தப்பு பளபளப்பில் இருக்கிறது என்று முடிவு கட்டினேன். குடத்தின் வயிற்றில் ஒரு வெள்ளைக் கீற்றுப் போட்டு, படத்துக்குப் படம் அதை நகர்த்தினேன். புதன்கிழமை முழுக்க அதே வேலை. கண்ணை மூடினாலும் குடம்தான் தெரிந்தது.

சாயங்காலம் ஓட்டிப் பார்த்தோம். ஏதோ அசைகிறது என்று எனக்குத் திருப்தி. ஸ்டீபன் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "கொடம் நிக்குது சார். யாரோ டார்ச் அடிச்சிக்கிட்டு அதச் சுத்தி வர்றான்" என்றார்.

சொட்டை

வியாழக்கிழமை காலை கடைக்கே போனேன். சுற்றுவது தெரிய வேண்டுமென்றால் குடத்தில் ஓர் அடையாளம் வேண்டும், விலாவில் சின்னதாக நசுங்கின மாதிரி ஒரு சொட்டை வைத்துக்கொள்ளலாமா என்று தங்கராசுவிடம் கேட்டேன். தராசில் தவலை வைத்துக்கொண்டிருந்தவர் கையை அப்படியே நிறுத்தினார்.

"அஞ்சு ஊரு பாக்குற டிவியில எங்கடைக் கொடம் சொட்டையா வரணுமா? அதுக்கு எந்தலயக் காட்டுங்க, அதுவும் சொட்டதான்" என்று வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார்.

பேர் வெட்டுன கொடம்

நான் கிளம்பாமல் நின்றதற்குக் காரணம் கடையின் மூலையில் கேட்ட சத்தம். எறையூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் கல்யாணச் சீருக்குப் பாத்திரம் எடுத்திருந்தது. தங்கராசுவின் மனைவி செல்வாம்பாள், மெஷினை அழுத்திப் பிடித்து ஒவ்வொன்றிலும் பெண்ணின் பேரை வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டி முடித்த குடத்தைக் கல்யாணப் பெண்ணின் அம்மா கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். பேர் மறைந்தது. மறுபடி வந்தது. குடம் சுற்றியது!

ஓடிப்போய்ச் சொன்னேன். தங்கராசு அசையவில்லை. "பேரு வெட்டுனா அது வித்த கொடம். அடுத்தவ பேரு போட்டத எவ வாங்குவா?" என்றார். செல்வாம்பாள் மெஷினை நிறுத்தினார். "எம்பேரப் போடுங்க தம்பி. இருபது வருசமா ஊருல இருக்குறவ பேரெல்லாம் வெட்டுறேன்" என்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்: "பேரு வெட்டுனது விக்காதா? எங்கப்பா வூட்டுச் சீர்க் கொடத்துல எம்பேரு இருந்துச்சே, அத வித்துத்தான இந்தக் கடையில சாமான் அடுக்க மொத ராக்கு அடிச்சீங்க?"

வாலிலிருந்து

தங்கராசு ஒரு புதுக் குடத்தை எடுத்து மனைவி முன்னால் வைத்தார். அன்றைக்கே பதினாறையும் புதிதாக வரைந்தேன். பேர் நடுவில் அகலமாகவும் ஓரத்தில் நெருங்கியும் தெரிய வேண்டும். பத்திரிகையில் பதினோரு வருடம் போட்ட கோடெல்லாம் இதற்கு ஒத்திகை என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் சேர்ந்து வந்தார்கள். குடம் சுற்றியது. சந்தேகமே இல்லாமல் சுற்றியது. ஆனால் நான் திசையைக் கவனிக்கவில்லை. பேரின் கடைசி எழுத்து முதலில் எட்டிப் பார்த்து, முதல் எழுத்து கடைசியில் வந்து சேர்ந்தது. ஸ்டீபன் படங்களின் வரிசையைத் தலைகீழாக மாற்றி ஓட்டினார். பேர் நேராக வந்தது. செல்வாம்பாள் மூன்று சுற்று பார்த்தார். "இப்பத்தான் வூட்டுக்குள்ள வர்றேன். அதுக்கு முன்னாடி கோவிச்சிக்கிட்டுப் பின்னாலயே போற மாதிரி இருந்துச்சு" என்றார். ஸ்டீபன் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

ஒரிஜினல்

விளம்பரம் ஓடிய மூன்றாம் வாரம் கடையில் உட்கார்ந்திருந்தேன். ரெட்டிபாளையத்திலிருந்து ஓர் அம்மா மகளோடு வந்தார். டிவியில் சுற்றுகிற குடம் வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தார்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகம் சுருங்கியது. பேர் இல்லையாம். "பொண்ணு பேரச் சொல்லுங்க, வெட்டித் தர்றேன்" என்றார் செல்வாம்பாள்.

அந்த அம்மா ஏமாறத் தயாராக இல்லை. "எம்மவ பேரு எதுக்கு? செல்வாம்பாள்னு போட்டுக் குடுங்க, அதான் ஒரிஜினலு!"

2005 வைகாசியில் கடைப் பலகையில் தங்கராசுவின் பேர் போய்ச் செல்வாம்பாளின் பேர் வந்தது. எழுதியது நான்தான், பலகைக்கு ஒரு பக்கம் மட்டும் எழுதினால் போதும் என்றார்கள்.