குழம்பா சூப்பா என்று தீர்ப்புச் சொன்னவள்

எங்கள் தெருவில் அவரை மெனுக்காரர் என்பார்கள். அது கிண்டல் இல்லை, பதவி. இளவயதில் தாய்லாந்துச் சரக்குக் கப்பலில் கணக்கெழுதி அந்த மொழியைப் பிடித்துக்கொண்டவர், கரையேறிய பின் தாய் உணவகங்களுக்கு மெனு கார்டை ஆங்கிலத்தில் எழுதித் தரும் மகத்தான சேவையில் இறங்கினார்.

அதில் ஒரு சிக்கல். தாய்க்காரர்கள் குழம்பையும், பல சூப்புகளையும் 'கேங்' என்ற ஒரே பெயரில் அடைத்துவிடுவார்கள். ஆங்கிலத்துக்கோ கர்ரியா, சூப்பா என்று தெரிந்தாக வேண்டும். மெனுக்காரருக்கு வயிற்றுப் புண். மிளகாய் வாசனைக்கே படுத்துவிடுவார். ஆகவே உணவகம் அனுப்பும் டப்பாக்களை மேசையில் பரப்பி, மனைவியை உட்காரவைப்பார். அவள் சோற்றில் ஊற்றிப் பிசைந்தால் கர்ரி. கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தால் சூப். இதைவிட மோசமான ஆராய்ச்சிகளுக்கெல்லாம் டாக்டர் பட்டம் கொடுத்திருக்கிறார்கள்.

"சாப்பிடறது நான், பேர் மட்டும் இவருக்கு" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள் அவள்.

போன வருஷம் ஒரு புது உணவகத்தின் மெனு அச்சாகி வந்தது. அதில் கர்ரி என்ற இனமே பூண்டற்றுப் போயிருந்தது. பச்சைக் குழம்பு சூப், சிவப்புக் குழம்பு சூப், உருளைக்கிழங்கும் கடலையும் மிதக்கிற மாசமான் குழம்புகூட சூப். வந்தவர்கள் தட்டைத் திருப்பியனுப்ப, முதலாளி பச்சைக் குழம்பு டப்பாவோடு வீடு தேடி வந்துவிட்டார்.

"என்ன சார், கரண்டி குத்தினா நிக்குது. இதப் போய் சூப்புங்கறீங்க?"

மெனுக்காரர் விட்டுக்கொடுக்கவில்லை. மொழிபெயர்ப்பின் நுட்பங்கள் சாதாரண வியாபாரிக்குப் பிடிபடாது என்கிற தோரணையில் விளாசித் தள்ளினார். முறையிலும் பிழையில்லைதான். அவள் எல்லாவற்றையும் குடிக்கத்தான் செய்தாள். சில மாதமாகச் சோறு அவள் தொண்டையில் இறங்கவில்லை. டாக்டர் சொன்னதை இருவரும் சேர்ந்து கேட்டுவிட்டு வந்து, கேட்காத மாதிரி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். இப்போது கர்ரி என்று திருத்தினால், அவளுக்கு இனிச் சோறு இல்லை என்பதற்கு அவரே கையெழுத்துப் போட்டதாகிவிடும். சூப் என்று இருக்கும்வரை அவள் நன்றாக இருந்தாள்.

உள்ளே படுத்திருந்தவளுக்கு எல்லாம் காதில் விழுந்தது. முதலாளி நாளை வருவதாகச் சொல்லிப் போனதும் கணவரைக் கூப்பிட்டாள். அந்த டப்பாவையும் கொஞ்சம் சோற்றையும் கொண்டுவரச் சொன்னாள். தலையணையில் சாய்ந்தபடியே ஊற்றிப் பிசைந்து, உருண்டையை அவர் பக்கம் நீட்டினாள்.

"நீங்களே சாப்பிட்டுப் பாத்து எழுதுங்க."

"எனக்கு ஒத்துக்காதே."

"பழகிக்கங்க. இனிமே அப்படித்தானே?"

அவர் வாயைத் திறந்தார். மென்று முழுங்கும்வரை அவர் முகத்தையே பார்த்திருந்துவிட்டு, எப்படி என்று கேட்காமல் கையைத் துடைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்தே அவர் திருத்தி எழுதினார்.

மறுநாள் முதலாளி வாசித்துப் பார்த்தார். "இப்ப சரியா இருக்கு சார்" என்று கைகொடுத்தார். வாழ்க்கையில் எத்தனையோ வசவுகளைத் துடைத்துப்போட்ட மெனுக்காரர், இந்த ஒரு பாராட்டைத் தாங்கமாட்டாமல் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.