முருங்கையிலையும் குளியலறைப் பைப்பும்

இன்று காலை சோதனைச் சாவடியில் என்னைக் காப்பாற்றியது ஒரு பிடி முருங்கையிலை.

சிரிக்காமல் கேளுங்கள்.

எனக்குப் பிராக்டல் படம் செய்கிற பைத்தியம் பிடித்திருப்பது உங்களுக்குத் தெரியும். (தெரியாதவர்களுக்கு: ஒரு போட்டோவைச் சின்னதாக்கி, திருப்பி, அதற்குள்ளேயே மறுபடி மறுபடி ஒட்டச் சொன்னால் கொம்பியூட்டர் ஒட்டிக்கொண்டே போகும். கரண்ட் போகும்வரை.)

கடற்படைத் துறைமுகம் இருப்பதால், கடல், கப்பல் என்று வெளியே கமெராவைத் தூக்க ஏலாத ஊர் நம்முடையது. அதனால் என் கமெரா வீட்டு வளவைத் தாண்டியதில்லை. வளவில் நிற்பது முருங்கை. அதில் ஒரு ஈர்க்கை முறித்துப் பார்த்தால் முழு மரமும் அதற்குள் இருக்கும். டவுனில் நடக்கிற படக் கண்காட்சிக்கு அதைத்தான் கறுப்பு வெள்ளையில் செய்தேன். கொழும்பிலிருந்து மச்சாள் பெரிதாகப் பிறிண்ட் எடுத்து அனுப்பியிருந்தாள். கையில் இருந்தது அந்த ஒன்றுதான். டவுனில் கொடுக்க இன்று மத்தியானம்தான் கடைசி நேரம்.

வெளியே மழை. என் கணவருக்கு உடனே ஐடியா வந்தது. (அவருக்கு ஐடியா வந்தால் எனக்குப் பயம் வரும்.) குளியலறைக்கு வாங்கி வைத்த பைப்புக்குள் படத்தைச் சுருட்டி நுழைத்து, இரண்டு பக்கமும் கறுப்பு டேப் சுற்றினார்.

"ஒரு துளி தண்ணி போகாது. தைரியமாக் கொண்டு போம்."

குண்டுக்குப் பயந்து சந்திக்குச் சந்தி சோதனை நடக்கிற இந்தக் காலத்தில் டேப் சுற்றிய பைப்பைக் கையில் கொடுத்து மனைவியை பஸ் ஏற்றிவிட்டவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். (வாங்கிக்கொண்டு ஏறிய நான் மட்டும் என்ன கெட்டிக்காரி?)

சாவடியில் வழக்கம்போல எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றோம். நான் பைப்பை மேசையில் வைத்ததும் வரிசை தானாகவே பின்னால் போனது. என்னையே திறக்கச் சொல்லிவிட்டு, காவலுக்கு நின்ற சிப்பாய்களும் தள்ளி நின்றார்கள். கணவர் சுற்றிய சுற்றில் டேப் கழலவே இல்லை. படத்தை நேரத்துக்குக் கொடுப்பதெல்லாம் மறந்துபோய், பின்னேரம் வீட்டுக்குப் போவேனா என்றுதான் பயந்தேன்.

கடைசியில் படம் வெளியே வந்தது. நிலைமை இன்னும் மோசமானது. பெரிய வெள்ளைத் தாள், அது முழுக்க, ஊர் வரைபடம் மாதிரி, கிளை கிளையாகப் பிரிகிற கறுப்புக் கோடுகள். அதிகாரி ஒருவரைக் கூப்பிட்டார்கள். அவருக்கு ஓரளவு தமிழ் தெரிந்திருந்தது.

"இது எந்த இடத்து மெப்?"

"மெப் இல்லை சேர். முருங்கையிலை."

அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் நின்றிருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

நல்ல காலம், எனக்குப் பின்னால் சந்தைக்குக் கீரை கொண்டுபோகிற ஒரு அக்கா நின்றார். அவரிடம் ஒரு பிடி முருங்கையிலை வாங்கிப் படத்தின் மேல் வைத்து, ஈர்க்கையும் கோட்டையும் மாறி மாறிக் காட்டினேன். அதிகாரி குனிந்து ஒரு கோட்டில் விரலை வைத்தார். கிளைக்குப் போனார், அதன் கிளைக்குப் போனார், அதற்குள்ளும் போனார்.

"இது எங்க முடியுது?"

"முடியாது சேர். கரண்ட் போகும் மட்டும் போகும்."

அவர் சிரித்துவிட்டார். எனக்கு மூச்சு வந்தது. அவரே படத்தைப் பக்குவமாகச் சுருட்டித் தந்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"வடிவா இருக்கு. ஆனா இவ்வளவு வடிவான ஹாபர் இருக்கு, அதை ஏன் போட்டோ எடுக்கயில்லை?"

அவர் தலைக்கு மேலே, துறைமுகத்தைப் படம் எடுக்கத் தடை என்று பலகை தொங்கியது. நான் பலகையைப் பார்த்தேன். அவரும் திரும்பிப் பார்த்தார்.

"சரி, போங்க" என்றார்.

"கீரையைத் தந்திட்டுப் போ பிள்ளை" என்றார் அக்கா.

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். படம் இப்போது கண்காட்சிச் சுவரில் இருக்கிறது. வீட்டுக்கு வந்து நடந்ததை எல்லாம் மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். கணவர் முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப, பைப் எங்க?"

அது இன்னும் சாவடியில் மண் மூட்டையோடு சாய்ந்து நிற்கிறது. போய்க் கேட்டு வாங்கிவர யாரை அனுப்பலாம், சொல்லுங்கள்.

(எனக்கு ஒரு ஆளைத் தெரியும். நன்றாக டேப் சுற்றுவார்.)