கேவா இரண்டு முறை கொடுத்த பிள்ளை

எங்கள் தீவுக் கிராமம் லெவோகேதாவிலிருந்து மலேசியாவுக்குக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் "ரெண்டு வருஷம்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார்கள். போய்வருகிறேன் என்பதைப்போல அதுவும் ஒரு வாய்வார்த்தை. ஓசேயும் அப்படித்தான் சொன்னாள். பதினோரு மாதக் குழந்தையைத் தன் அக்கா கேவாவின் இடுப்பில் மாற்றி வைத்துவிட்டு, புருஷன் கோப்போங்கோடு லாரியில் ஏறினாள். லாரி முந்திரித் தோப்பைத் தாண்டும்வரை குழந்தை அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை. கேவாவின் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அழுதது கேவாதான்.

நான் பெனி, பக்கத்து வீடு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதான். அந்தப் பக்கம் குழந்தை இருமினால் இந்தப் பக்கம் என் கோழி விழித்துக்கொள்ளும். ஆகவே நான் சொல்வதில் பாதி கண்ணால் பார்த்தது; மீதி காதில் விழுந்தது.

கேவாவுக்குப் பிள்ளை இல்லை. அப்போது கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. புருஷன் லாமென் பனையேறிக் கள் இறக்குகிறவன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். பிள்ளை வேண்டும் என்று இருவரும் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. ஊரில் எந்த வீட்டில் பிரசவம் என்றாலும் முருங்கைக்கீரைச் சாறோடு முதல் ஆளாகக் கேவா போய் நிற்பாள். குழந்தையைக் கையில் கொடுத்தால் மட்டும், "கை ஈரமா இருக்கு" என்று பின்வாங்கிவிடுவாள்.

குழந்தையின் பெயர் யுஸ்தினா. எங்களுக்கு யுஸ்தி. வந்த புதிதில் அதற்குப் பகலில் தூக்கமே வராது. என்னென்னவோ செய்து பார்த்துவிட்டுக் கடைசியில் கேவா கண்டுபிடித்தது, அவல் தட்டுகிற சத்தம் கேட்டால் அது தூங்கும் என்பதை. சோளத்தை மண்சட்டியில் வறுத்து, சூடு ஆறுவதற்குள் கைநிறைய எடுத்து, ஒவ்வொன்றாகக் கல்மேல் போட்டு இன்னொரு கல்லால் ஒரு தட்டு தட்டுவோம். விடிகாலையில் எல்லா வீட்டிலும் கேட்கிற சத்தம் அது. கேவா வீட்டில் மட்டும் மத்தியானமும் கேட்டது. வறுத்த சோளம் தீர்ந்துபோனால் வெறும் கல்லைத் தட்டிக்கொண்டிருப்பாள். ஒருநாள் லாமென் தன் பத்து வார்த்தையில் நாலைச் செலவழித்தான்: "ராத்திரிக்குக் கல்லத்தான் திங்கப்போறோமா கேவா?"

இரண்டு வருஷம் மூன்றானது, ஐந்தானது. அங்கே மலேசியாவில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் ஓசேக்கு இரண்டு பையன்கள் பிறந்தார்கள். கைக்குழந்தைகளோடு கப்பலேற முடியாது, அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று போய்க்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கேவா பிள்ளையை இழுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்கு மேலே ஏறுவாள். அங்கேதான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். எங்கள் பேச்சில் அம்மாவும் இனாதான், அம்மாவின் அக்காவும் இனாதான். "பேசு, இனா பேசுறா" என்று போனைப் பிள்ளையின் காதில் வைப்பாள். நாலு வயதில் ஒருநாள் யுஸ்தி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டதாம்: "நீ இங்கதான இருக்க? அப்ப உள்ள பேசுறது யாரு?"

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்த கேவா, கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "வாராவாரம் பழக்கிவிடுறேன் பெனி. அவ அம்மா வந்து நிக்கும்போது இவ முழிக்கக் கூடாது."

மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு சொன்னதல்ல அது. ஓசேயின் கல்யாணப் போட்டோவைச் சுவரில் பிள்ளையின் கண்ணுக்கு நேராக மாட்டியிருந்தாள். பிள்ளை வளர வளர ஆணியைப் பிடுங்கிப் பிடுங்கி மேலே அடித்துக்கொண்டே வந்தாள்.

ஒன்பது வருஷம் கழித்து, ஒரு ஆகஸ்டு மாதம், அவர்கள் வந்து சேர்ந்தார்கள். ஊரின் கீழ்க்கோடியில், ரோட்டோரமாக, சிமெண்டுச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு வீடு எழும்பியது. கட்டி முடியும்வரை யுஸ்தி கேவாவிடமே இருந்தாள். புதுவீட்டில் பன்றி அடித்துச் சாப்பாடு போட்ட அன்று, கேவா பிள்ளையின் துணிகளை அரிசிச் சாக்கில் மடித்து வைத்து, தலையணையும் பள்ளிப்பையுமாகக் கீழே கூட்டிப்போனாள். நானும் கூடப் போனேன். வாசலில் நின்று தங்கச்சியிடம் எதையெதையோ சொன்னாள். மீன் தலையைத் தட்டில் வைத்தால் சாப்பிடமாட்டாள், மழைக்காலத்தில் இடதுகாது வலிக்கும், எண்ணெயைச் சூடாக்கி ஊற்றாதே, துணியை மட்டும் சுடவைத்து ஒற்று. இப்படி. ஓசே தலையாட்டிக்கொண்டே இருந்தாள்; அவள் கண் அடுப்பில் இருந்தது.

யுஸ்தி என்ன செய்தாள் தெரியுமா? தம்பிகள் கூப்பிட்டதும் உள்ளே ஓடினாள். புதுக்கட்டில், டிவி, தகரக் கூரை. ஓடினவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓசே, "உக்காருக்கா, காப்பி போடுறேன்" என்றாள்.

"பன்னிக்குத் தீனி வைக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கேவா மேலே ஏறினாள். அன்றைக்குக் காலையில் பன்றிக்குத் தீனி வைத்தது நான்தான். அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அதற்கப்புறம் வந்ததுதான் இந்தத் தண்ணீர்ப் பைத்தியம். எங்கள் வீடுகளுக்குப் பின்னாலேயே ஊற்று இருக்கிறது. மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீர் வாசலுக்கே வந்துவிடும். கேவா அதை விட்டுவிட்டு, கீழ்வீட்டுக்கு எதிரில் இருக்கும் சர்க்கார் தொட்டிக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு இறங்குவாள். வெறும் கேனோடு இறக்கம், நிறைந்த கேனோடு ஏற்றம். பள்ளிக்கூடம் விடுகிற நேரமாகப் பார்த்துத்தான் கேவா வீட்டில் தண்ணீர் தீரும்.

தொட்டியில் துணி துவைக்கிறவர்கள் சும்மா விடுவார்களா? "மேல ஊத்து வத்திருச்சா கேவா?" என்பார்கள். "இந்தத் தண்ணிதான் நாக்குக்கு நல்லாருக்கு" என்பாள். "ஆமாமா, சக்கர போட்ட தொட்டி" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரிக்க, கேவாவும் சேர்ந்து சிரிப்பாள். யுஸ்தி வருவாள். "இனா" என்பாள். கேவா அவள் ரிப்பனைச் சரிசெய்வாள். அவ்வளவுதான். கேனைத் தூக்கிக்கொண்டு ஏறிவிடுவாள்.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. ஒருநாள் ஓசே மேலே வந்தாள். உட்காரவில்லை.

"நீ தண்ணிக்குக் கீழ வராதக்கா" என்றாள்.

கேவா கையிலிருந்த கேனைக் கீழே வைத்தாள்.

"உன்னயப் பாத்த அன்னிக்கெல்லாம் அவ சோறு திங்க மாட்டேங்குறா. நான் வச்சா உப்பு ஜாஸ்திங்குறா, நான் தல வாரினா வலிக்குதுங்குறா. நான் என்னதான் செய்ய? பெத்த பிள்ள என் வீட்டுலயே விருந்தாளி மாதிரி உக்காந்திருக்கு." சொல்லும்போதே ஓசேயின் குரல் உடைந்துவிட்டது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்பது வருஷம் தோட்டத்தில் குனிந்து உரம் போட்ட இடுப்பு அவளுடையது. அங்கே யாருக்காகக் குனிந்தாளோ, அந்தப் பிள்ளை அவள் முகத்தைப் பார்க்க மறுக்கிறது.

"சரி" என்றாள் கேவா. மறுநாளிலிருந்து ஊற்றுத் தண்ணீர்.

ஒரே ஊர், கூப்பிடு தூரம். எண்பது படி இறங்கினால் கீழ்வீடு. கேவா இறங்கவில்லை. கோயிலில்கூடக் கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். நற்கருணை முடிந்ததும் முதல் ஆளாக வெளியே வந்துவிடுவாள். அப்போதுதான் லாமென் ஒரு வேலை செய்தான். அவன் ஏறுகிற பனைகளில் ஒன்றின் உச்சியிலிருந்து பார்த்தால் கீழ்வீட்டு முற்றம் தெரியும். கள்ளை மொந்தையில் வடிகட்டிக்கொண்டே, யாரிடம் சொல்கிறோம் என்றில்லாமல் சொல்வான்: "இன்னிக்கு முடி வெட்டியிருக்காங்க." இன்னொரு நாள், "சின்னவனுக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்குது." கேவா கேட்டதாகவே காட்டிக்கொள்ளமாட்டாள். ஆனால் அந்த ஒரு பனையில் கள் நின்றுபோன பிறகும் அவன் ஏறிக்கொண்டுதான் இருந்தான். ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. சோளம் முழங்கால் உயரத்திலேயே காய்ந்தது. முந்திரிப் பூ கருகிக் கொட்டியது. லாரிகள் மறுபடி ஆட்களை ஏற்ற ஆரம்பித்தன. கோப்போங்கும் பெயர் கொடுத்துவிட்டான்.

ஒரு காலை கேவா முற்றத்தில் சோளம் உதிர்த்துக்கொண்டிருந்தாள். நான் தட்டிக்கு இந்தப் பக்கம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஓசே வந்து இந்த முறை உட்கார்ந்தாள். ரெண்டு பேரும் போனால் சீக்கிரம் கடனில்லாமல் திரும்பலாம், பையன்களைக் கோப்போங்கின் அம்மா பார்த்துக்கொள்வாள் என்று சுற்றி வளைத்துச் சொல்லிவிட்டு, "யுஸ்தி உன்கிட்ட இருக்கட்டும்" என்றாள்.

சோளம் உதிர்கிற சத்தம் நின்றுவிட்டது. ஒரு கட்டுக் கீரையை ஆய்ந்து முடிக்கிற நேரம் அங்கே பேச்சே இல்லை.

ஓசேதான் கேட்டாள்: "உனக்குச் சந்தோசம்தானக்கா?"

"சந்தோசம்தான். ஆனா வேணாம்."

"என்ன பேசுற நீ?"

"அவ என்ன மொளகாச் செடியா, புடுங்கிப் புடுங்கி நடுறதுக்கு? அன்னிக்குச் சிரிச்சுக்கிட்டே உன் வீட்டுக்குள்ள ஓடினான்னு நீயும் நெனச்ச, நானும் நெனச்சேன். அப்புறம் எப்படி இருந்தான்னு நீதான வந்து சொன்ன? இப்பதான் உன் சட்டிச் சோறு அவளுக்கு எறங்குது. அவர் மட்டும் போகட்டும். நீ இரு."

"இருந்து என்னத்தத் திங்க?"

"என் குதிர்ல இருக்குற சோளத்துல பாதி உனக்கு."

ஓசேக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்து நின்று, சொல்லக் கூடாததைச் சொன்னாள்: "பெத்திருந்தாத்தான உனக்குத் தெரியும்."

கேவா குரலை உயர்த்தவில்லை. "பெறல. வளத்தேன். அதான் சொல்றேன்."

ஓசே போய்விட்டாள். நான் தட்டியைச் சுற்றிக்கொண்டு போனபோது கேவா ஒரு கதிரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். "அவ கேட்ட ஒடனே மனசுக்குள்ள பிள்ளைக்குப் பாய் விரிச்சிட்டேன் பெனி" என்றாள். "அதச் சுருட்டத்தான் அவ்வளவு நேரம் ஆச்சு."

கோப்போங் தனியாகப் போனான். ஓசே மூன்று மாதம் அக்காவிடம் பேசவில்லை. பசி பேச வைத்தது. சனிக்கிழமைதோறும் சோளம் வாங்கிவர யுஸ்தியை மேலே அனுப்பினாள். அப்படி வந்த ஒரு சனிக்கிழமைதான், பன்னிரண்டு வயதுப் பெண், கூடையைக் கீழே வைக்காமலேயே கேட்டாள்:

"கீழ இனா சொன்னாங்க. என்னய இங்க விடுறேன்னதுக்கு நீங்க வேணாம்னுட்டீங்களாமே?"

ஒரு வாக்கியத்தில் விளக்கியிருக்கலாம். விளக்கினால் விட்டுவிட்டுப் போகப் பார்த்தவள் ஓசே என்றாகும். கேவா, "ஆமா, சொன்னேன்" என்றாள். யுஸ்தி கூடையை நிரப்பிக்கொண்டு இறங்கிப் போனாள். நான் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லப் போனேன். கேவா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். சொல்லமாட்டேன் என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

அந்த நாளிலிருந்து யுஸ்தி கேவாவிடம் "நீ" என்று பேசவே இல்லை. மரியாதைக்குக் குறைவில்லை. பாதிரியாரிடம் பேசுவதைப்போலப் பேசுவாள். கப்பலேறிக் குப்பாங் நகரத்துக்கு நர்சுக்குப் படிக்கப் போன பிறகு, விடுமுறைக்கு வந்தால் பிஸ்கட் பாக்கெட்டோடு ஏறி வருவாள், நலம் விசாரிப்பாள், இறங்கிவிடுவாள். கேவா அந்த பிஸ்கட்டை யாருக்கும் கொடுக்கமாட்டாள். தானும் தின்னமாட்டாள். நமுத்துப்போன பிறகு என் கோழிக்கு வரும்.

போன ஈஸ்டருக்கு வந்தபோது, என் காலில் இருந்த புண்ணுக்கு யுஸ்தி கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். குனிந்திருந்த தலையைப் பார்த்தேன். என்னையறியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மிளகாய்ச் செடியிலிருந்து பாய்வரை.

அவள் கட்டை முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "தெரியும் அத்தை. நான் வந்து கேட்ட அன்னிக்கு ராத்திரியே கீழ இனா அழுதுக்கிட்டே சொல்லிருச்சு, அவங்க 'நீ பிள்ளையோட இரு'ன்னுதான் சொன்னாங்க, தான் கோவத்துல மாத்திச் சொல்லிட்டேன்னு."

"பாவி, அப்ப எதுக்குடி இத்தன வருஷம்?"

"மேல இனா அவங்க வாயால ஒரு தடவ சொல்லுவாங்கன்னு இருந்தேன். நான் வேணும்னுதான் இருந்துச்சுன்னு. வரும்போதெல்லாம் அதுக்குத்தான் மேல ஏறுறேன்."

எட்டு வருஷம். நான் கட்டுப் போட்ட காலோடு நேரே கேவாவிடம் போய் இதையும் சொன்னேன். ஒரு சத்தியத்தை உடைத்தவளுக்கு இன்னொன்றில் என்ன வந்தது? கேவா என்னைத் திட்டவில்லை. கப்பல் என்றைக்கு என்று மட்டும் கேட்டாள். செவ்வாய்க்கிழமை என்றேன். முகம் கழுவினாள், பெட்டியிலிருந்து நல்ல கைலியை எடுத்துக் கட்டினாள், கையில் எதுவும் எடுத்துக்கொள்ளாமல் படியில் இறங்கினாள். அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஓசே பையன்களைக் கூட்டிக்கொண்டு அரைநாள் தொட்டிக்கரையில் உட்கார்ந்திருந்ததை மட்டும் ஊரே பார்த்தது.

செவ்வாயன்று லாரியில் யுஸ்தியோடு துறைமுகம்வரை போனவர்கள் அக்கா தங்கச்சி இருவரும். திரும்பி வரும்போது ஓசேயின் கண்தான் அதிகமாக வீங்கியிருந்தது.

கேவா இப்போது வேலையை நடுவில் விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்துவிடுகிறாள். என்ன யோசனை என்று கேட்டால் மறைக்காமல், "பிள்ளைய நெனச்சுக்கிட்டிருக்கேன்" என்கிறாள். யுஸ்தி வருகிற கிறிஸ்துமஸுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.