கடைசி வயலுக்கு முதல் தண்ணீர்

எங்கள் இளம் விவசாயிகள் கழகத்தின் செயலாளருக்கு வயது ஐம்பத்திரண்டு. அது நான்தான். ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் பதவியை இறக்கி வைக்கப் பார்ப்பேன். பிள்ளைகள் கைதட்டி, மறுபடியும் என் தலையிலேயே ஏற்றிவிடுவார்கள். பாசம் என்று நான் ஏமாறுவதில்லை. கூட்ட அறிக்கை எழுத அவர்களுக்குப் பஞ்சி, அந்தச் சோம்பல்தான் காரணம்.

குளத்துத் தண்ணீரை நம்பி விதைக்கிற இந்தச் சிறுபோகத்தில் அவர்களுக்கு ஒரு யோசனை வந்தது. கழகத்துக்கு நெடுங்காலம் தோள் கொடுத்தவர்களை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்றார்கள். நான் மூன்று பேரை எழுதினேன். எங்கள் வயலை உழுத பிறகே மற்ற வயல்களில் இறங்கும் ஏறாவூர் உழவு இயந்திரக்காரர், ஊர் கூடி வேலை செய்த சிரமதான நாட்களில் அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்ட மாதர் சங்கத் தலைவி, இளைப்பாறிய விவசாயப் போதனாசிரியர். கழகத் தலைவியாக இருக்கும் பிள்ளை பட்டியலை வாங்கிப் பார்த்தாள்.

"வாய்க்கால் தலைப்பு வயல்காரர விட்டிட்டீங்களே அக்கா?"

மறக்கவில்லை. வேண்டுமென்றுதான் விட்டேன்.

எங்கள் வட்டைக்கு, அந்த வயல்வெளி முழுதுக்கும், ஒரே வாய்க்கால்தான். வாவிக்கு மேற்கே, ஊர் முடிகிற இடத்தில் தொடங்கி ஏழு வயல்களைத் தாண்டிப் போகும். தலைப்பு வயல் அந்த அண்ணனுடையது. கடைசி வயல் கழகத்தின் மாதிரி வயல். சிறுபோகத்தில் குளத்திலிருந்து நாள் குறித்து முறைத் தண்ணீர் திறக்கும்போது மேலிருந்து கீழாக ஒவ்வொருவராக எடுப்பது வழக்கம். கடைசி வயலுக்கு மிஞ்சினதுதான்.

பதினைந்து வருடங்களுக்கு முன்பு ஒரு முறை நாளில் எங்களுக்கு மிஞ்சினதும் வரவில்லை. பயிர் கதிர் உள்ளே திரளுகிற குடலைப் பருவத்தில் நின்றது. நான் வரம்பு வழியாக மேலே நடந்து போய்ப் பார்த்தேன். அவருடைய வக்கடை, வயலுக்குள் தண்ணீர் இறங்குகிற அந்த வாய், ஈரமாகக் கிடந்தது. முறை முடிந்த பிறகும் திறந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டேன். அன்று பின்னேரமே கமக்காரர் கூட்டத்தில் எழும்பி, ஊர் முழுக்கக் கேட்க, "எங்கட தண்ணியக் களவெடுத்தது இவர்தான்" என்று கை நீட்டினேன். எனக்கு வாய் எப்போதும் முந்தும்.

அவர் தோளில் கிடந்த துவாயை உதறிப் போட்டுக்கொண்டு வெளியே போனார். இரண்டு நாள் கழித்து, தண்ணீர் பங்கிடும் வட்டை விதானையார் வந்து, வாய்க்கால் கட்டில் நண்டு ஓட்டை கண்டதாகவும் அதனால்தான் தண்ணீர் ஒழுகிப் போனது என்றும் சொன்னார். எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. அன்றே போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நாளைக்கு, நாளைக்கு என்று பதினைந்து வருடம் போய்விட்டது.

அடுத்த முறையிலிருந்து ஒரு புதுமை நடந்தது. முறை நாளில் அவர் தன் வக்கடையைப் புல்லும் சேறும் வைத்து இறுக அடைத்துவிடுவார். எங்கள் கடைசி வயல் நிரம்பிய பிறகுதான் தன்னுடையதைத் திறப்பார். அவரைப் பார்த்து மற்றவர்களும் பொறுத்துப் போகப் பழகினார்கள். பிள்ளைகள் அதைப் பெருந்தன்மை என்றார்கள். எனக்கோ அது என் வாய்க்கு அவர் தருகிற பதிலாகத்தான் பட்டது. 'பார், நான் கள்ளனா?' என்று ஒவ்வொரு முறையும் அந்த அடைத்த வக்கடை என்னைக் கேட்டது.

நான்காவதாக அவரையும் பட்டியலில் சேர்த்து, அழைப்பிதழ் கொடுக்க நானே போனேன். அவர் வரம்பில் மண்வெட்டியோடு நின்றார்.

"அண்ணன், நீங்க கட்டாயம் வரவேணும்."

"நான் என்னத்துக்குத் தங்கச்சி? மேடை எனக்குப் பழக்கமில்ல."

"பிள்ளையள் ஆசப்படுதுகள்."

"பாப்பம்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அழைப்பிதழைத்தான் நீட்டினேன். திரும்பி வரும் வழியில் ஒரு முடிவெடுத்தேன். கூட்டத்தில் சொன்ன பழியைக் கூட்டத்தில்தான் எடுக்க வேண்டும். ஒலிவாங்கி முன்னால் கேட்பேன். அதற்கு அவர் வந்தாக வேண்டும்.

விழா நாளன்று காலை மண்டபத்தில் கதிரைகள்தான் இருந்தன, ஆட்கள் இல்லை. குளத்துக் கதவு திருத்த வேலை காரணமாக முறைத் தண்ணீரை ஒரு நாள் பின்போட்டிருந்தார்கள். அறிவித்தல் எனக்கும் வந்தது. நானே பிள்ளைகளுக்கும் சொன்னேன். அந்த நாளும் விழா நாளும் ஒன்று என்பது மட்டும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. விவசாயிகளுக்கு விழா எடுக்கிறவர்கள் செய்கிற வேலையா இது? பிரதம விருந்தினருக்கு மூன்றாவது தேநீரும் கொடுத்தாயிற்று. எனக்கு அழுகை வரப் பார்த்தது.

பத்தரைக்குப் பிறகு ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். மூன்று பேருக்குப் பொன்னாடை போர்த்தி முடிந்தது. உழவு இயந்திரக்காரர் அதைக் கழற்றவே மாட்டேன் என்று போர்த்தபடியே இருந்தார். நான்காவது கதிரை வெறுமையாகக் கிடந்தது. நன்றியுரை சொல்ல வேண்டிய பிள்ளை என் முகத்தைப் பார்த்தது. கொஞ்சம் பொறு என்று கண்ணைக் காட்டினேன்.

அவர் வந்தார். வெள்ளைச் சேட்டு, முழங்கால் வரை சேறு. மேடையில் ஏற்றி உட்கார வைத்தோம். நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன். எழுதி வைத்திருந்த தாள் கையிலிருந்தும் பார்க்கவில்லை. "பதினைஞ்சு வருசத்துக்கு முதல் இந்த அண்ணன நான் சபையில வெச்சுக் கள்ளன் எண்டு சொன்னன். அது பிழை. இந்தச் சபையிலயே மன்னிப்புக் கேக்கிறன்" என்றேன். அவர் நிலத்தைப் பார்த்தபடியே இருந்தார். இரண்டு வார்த்தை பேசச் சொல்லிக் கழகத் தலைவி கேட்டபோது எழும்பி, "தண்ணி கடைசி வயலுக்குப் போய்ச் சேந்திட்டு. அதப் பாத்திட்டு வரத்தான் சுணங்கினது" என்றார். அவ்வளவுதான். கைதட்டல் நிற்க நேரமாயிற்று.

சாப்பாட்டு நேரத்தில் சோற்றுக் கோப்பையோடு வந்து என் பக்கத்தில் இருந்தார். இறால் கறியைப் பிசைந்துகொண்டே, "தங்கச்சி, அந்த நண்டு ஓட்ட விரல் மொத்தம்தான்" என்றார்.

"அப்ப?"

"தண்ணிய மறிச்சது நான்தான். என்ட வயலில குடல வாடுறதப் பாத்துக்கொண்டு இரிக்க ஏலாமப் போயிற்று. நீங்க சொன்னது சரி. அதுதான் ஒண்டும் பேசாமப் போனன். மறுகா விதானையார் நண்டில பழியப் போட்டதும் எனக்கு இன்னும் வெக்கமாப் போச்சு."

முதலில் கோபம்தான் வந்தது. பதினைந்து வருடமாக நான் குற்றவாளிபோல அந்த வரம்பில் நடந்திருக்கிறேன்.

"அப்ப நான் கேட்ட மன்னிப்ப என்ன செய்யிற?" என்றேன்.

"அது இரிக்கட்டும். பொன்னாடையத்தான் திருப்பித் தருவமா எண்டு யோசிக்கிறன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். என்னவென்று பிள்ளைகள் கேட்டார்கள், சொல்லவில்லை. பெயரைப் போடாமல் எழுதலாம் என்று பிறகு அவரே சம்மதம் தந்ததால் இங்கே எழுதுகிறேன்.

அடுத்த முறை நாளில் விடிந்ததும் வட்டைக்குப் போனேன். வழக்கம்போல அவருடைய வக்கடை அடைத்துக் கிடந்தது. அவர் வரம்பில் குந்தியிருந்தார். நான் சேலையைச் சொருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, புல்லையும் சேற்றையும் இரண்டு கையாலும் இழுத்துப் போட்டேன். தண்ணீர் அவருடைய வயலுக்குள் திரும்பியது.

"என்ன வேல தங்கச்சி இது? அப்ப உங்கட வயல்?"

"எங்கட முறை கடைசிதானே அண்ணன். வரட்டும், பாத்துக்கொண்டிரிப்பம்" என்று சொல்லி, வரம்பில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.