கிடா விருந்தில் ஒரு சொற்பொழிவு

கல்லூரி மேடைகளில் நான் வெல்லாத கோப்பைகள் குறைவு. ஆயினும், வாழையிலைக்கு முன் அமர்ந்து என் அப்பா ஒரே ஒருமுறை நிகழ்த்திய பேச்சுக்கு ஈடாக நான் பேசியதில்லை. பிறர் பேசக் கேட்டதுமில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. கருமத்தம்பட்டியில் எங்களுக்குச் சில விசைத்தறிகள் இருந்தன. அறுந்த இழையை முடிச்சிடவும் இயலாதபடி, அப்பாவின் வலத்தோள் முதல் விரல்நுனி வரை ஒரு வலி குடியேறியிருந்தது. கோவையில் பார்க்காத மருத்துவரில்லை. எடுக்காத ஸ்கேன் இல்லை.

“படத்துல ஒண்ணுமில்லீங்களாமா. அது என்ற தோளுக்குத்தான் தெரியமாட்டேங்குது” என்று சிரிப்பார்.

கடைசியாகப் பார்த்த மருத்துவர் எழுதித் தந்த மாத்திரை, சில வாரங்களில் மெல்ல வேலைசெய்தது. அப்பா மீண்டும் தறியோட்டினார். மனச்சோர்வுக்குத் தரப்படும் அம்மருந்து இத்தகைய வலியையும் தணிக்கும் என்று மருத்துவர் அம்மாவிடம் விளக்கியிருந்தார். அம்மாவோ, ‘நரம்பு மாத்திரை’ என்பதோடு அப்பாவிடம் நிறுத்திக்கொண்டாள்.

மாத்திரை தீரும் தறுவாயில், உள்ளூர்க் கடையில் கிடைக்காததால், கோபிசெட்டிபாளையத்தில் இருந்த தன் அண்ணனிடம் வாங்கிவைக்கச் சொல்லியிருந்தாள். கிடா விருந்துக்கு எங்களை அழைத்திருந்த மாமா, பந்தி நடுவே மாத்திரை அட்டையை உயர்த்திக் காட்டினார்.

“ஏனுங்க மாப்ள, செல்போன்ல போட்டுப் பாத்தனுங்க. இது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கற மாத்திரைங்களாமா!”

மெல்லும் ஓசை நின்றது.

“நோவுக்குங்கூட இதையே குடுக்கறாங்க அண்ணா” என்ற அம்மாவின் குரல் எவர் காதிலும் ஏறவில்லை.

அப்பா நிமிர்ந்தார். “எனக்கு நோவு தோள்லீங்க, மண்டையில இல்ல. எந்தக் கிறுக்கனாச்சும் தறியோட்டி, ஆளுக்குக் கூலி குடுத்து, மச்சினன் ஊட்டுக் கறிய மூணாந்தரம் கேட்டு வாங்கித் திம்பானுங்களா?”

பந்தி அதிரச் சிரித்தது. அப்பா அட்டையை வாங்கி, எலும்புகளுக்கிடையில் போட்டு இலையை மடித்தார். நான் கைதட்டினேன். அதன்பின் அவர் அந்த மாத்திரையைத் தொடவேயில்லை.

திரும்பும் பேருந்தில், “அப்பா எப்படிப் பேசினாரு பாத்தியாம்மா?” என்றேன்.

“நல்லாத்தான் பேசினாரு, அம்மணி. நோவு வந்தா அதுகிட்டயும் இப்படியே பேசிப்போடச் சொல்லு.”

வேடிக்கையென்று சிரித்தேன்.

அப்பா அம்மாவின் தோளில் சாய்ந்து ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். வலியறியாது அவர் உறங்கிய கடைசிப் பகல் அது. எங்கள் நிறுத்தம் வந்தது. அம்மா அவரை எழுப்பவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்தோம். அம்மா ஊரைக் கவனிக்கத் தவறிவிட்டாள் என்றே நான் நினைத்தேன்.