ரொட்டிக்கடை மிஸ்பாஹ் ஷியாவான கதை

கடலோர நகரமான ஸைதாவின் பழைய ஊரில் எங்கள் பேட்டைக்கு முக்தார் நான். பிறப்பு, இறப்பு, கல்யாணம், வீடு மாற்றம் எதுவானாலும் என் முத்திரை விழுந்தால்தான் அரசாங்கத்தில் செல்லும். அதனால் மிஸ்பாஹ் என்ன செய்யப்போகிறான் என்பது அவன் மகள்களுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

நாங்கள் இருவரும் துறைமுகக் கல்லிலிருந்து ஒன்றாகக் கடலில் குதித்து வளர்ந்தவர்கள். அவனுடைய ரொட்டிக்கடை சோப்பு வியாபாரிகள் சந்தில் இருக்கிறது. ஸாத்தர் மூலிகைப்பொடி தூவி, எண்ணெய் மினுங்க அவன் சுட்டெடுக்கும் ரொட்டிக்கு விடிந்ததும் வரிசை நிற்கும். கடைக்கு மேலே வீடு. மனைவி ஸமீஹா இறந்து ஆறு வருஷம். மகள்கள் மூன்று பேர்: ருலா, மிர்வத், லுப்னா. மகன் இல்லை. கூடப்பிறந்தவன் தம்பி அத்னான் ஒருவன்தான். அவன் எங்கள் பகுதியில் சன்னிகளின் கட்சி அலுவலகத்தில் வேலை பார்த்தான். யார் வீட்டில் எத்தனை ஓட்டு என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

இதயத்தில் அடைப்பு எடுத்துவிட்டு வந்த மூன்றாம் வாரம், மிஸ்பாஹ் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"முக்தாரே, நான் ஷியா ஆகணும். என்னென்ன காகிதம் வேணும்?"

"நெஞ்சுலதான் ஆபரேஷன்னு சொன்னாங்க. தலையிலயும் கை வச்சுட்டாங்களா?"

அவன் சிரிக்கவில்லை. எனக்கும் உடனே புரிந்துவிட்டது. எங்கள் நாட்டில் சொத்துக்குப் பொதுச் சட்டம் கிடையாது. அவரவர் பிரிவின் சட்டம்தான். சன்னி ஒருவன் பெண் பிள்ளைகளை மட்டும் விட்டுவிட்டுப் போனால், மகள்களுக்குப் போக மீதம் அவன் சகோதரனுக்கு. மிஸ்பாஹ் விஷயத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஷியா சட்டத்தில் மகள் இருந்தால் சகோதரனுக்கு ஒன்றுமில்லை.

"அத்னான் அப்படிப்பட்டவன் இல்லடா," என்றேன்.

"நல்லவன்தான். மருந்துக்கடை வாஸிஃப் ஞாபகம் இருக்கா? அவர் அண்ணனும் நல்லவர்தான், சாவு விழுந்த மூணாம் நாள் வரைக்கும். அப்புறம் பூட்டு மாத்தினாரு. அந்தப் பொண்ணுங்க துணி எடுக்கவே போலீஸைக் கூட்டிக்கிட்டு வந்துச்சுங்க."

ஷியா நீதிமன்றத்துக்கு நானும் துணைக்குப் போனேன். அங்கிருந்த காஜி மரியாதையான மனிதர். "என்ன காரணம்?" என்று கேட்டார். "எனக்கு மூணு பொண்ணுங்க," என்றான் மிஸ்பாஹ். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இந்த வருஷம் நீங்க ஏழாவது ஆள்," என்றார். பிறகு முறைப்படி சொல்ல வேண்டியதைச் சொல்ல வைத்தார். மாலைத் தொழுகைக்கு மிஸ்பாஹ் வழக்கமான பள்ளிவாசலுக்கே போனான். ஷியாக்களைப் போலக் கையைத் தொங்கவிடாமல், வழக்கம்போலவே கை கட்டி நின்று தொழுதான்.

இது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். ஆனால் அடுத்த வசந்தத்தில் தேர்தல் வந்தது, வாக்காளர் பட்டியல் ஒட்டினார்கள். பட்டியலில் பெயருக்குப் பக்கத்திலேயே பிரிவும் இருக்கும். அதை வரிவரியாகச் சரிபார்ப்பது அத்னானின் வேலை.

அன்று காலை நான் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். அத்னான் பட்டியலைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி வந்தான்.

"அண்ணே, இவனுங்க பட்டியல்ல தப்பு விட்டிருக்கானுங்க. உன் பேருக்கு நேரா ஷியான்னு போட்டிருக்கு."

"தப்பு இல்லடா."

அத்னான் என்னைப் பார்த்தான். நான் தேநீர்க் கோப்பையைப் பார்த்தேன்.

"ஆபீஸ்ல நான் எப்படி முகத்தைக் காட்டுவேன்? சொந்த அண்ணன் ஓட்டையே காப்பாத்தத் தெரியாதவன்னு சிரிப்பானுங்க."

"ஓ, ஓட்டுப் போச்சேன்னுதான் கவலையா? மார்க்கம் போச்சேன்னு அழ வந்தியோன்னு நெனச்சேன்."

"விளையாடாதண்ணே. நம்ம வம்சத்துல யாராவது இப்படிப் பண்ணியிருக்காங்களா?"

"ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாடி, நபிக்கப்புறம் யாரு கலீஃபாவா வரணும்னு சண்டை போட்டாங்க. நான் அங்க இல்ல, நீயும் இல்ல. ஆனா இந்த அடுப்பு யாருக்குப் போகணும்னு இன்னிக்கும் அந்தச் சண்டைதான் சொல்லுது. அதுல எனக்கு எந்தப் பக்கம் தோதோ அந்தப் பக்கம் போய் நின்னுக்கிட்டேன்."

அப்போதுதான் அத்னானுக்கு விஷயம் உறைத்தது. குரல் இறங்கிவிட்டது. "உன் பொண்ணுங்களை நான் தெருவுல நிறுத்துவேன்னு நெனச்சியா?"

மிஸ்பாஹ் ரொட்டியைத் திருப்பிப் போட்டான். "நீ நிறுத்தமாட்ட. உனக்கப்புறம் உன் பசங்க. அவங்களுக்கு வரப்போற பொண்டாட்டிங்க. அவங்களை எனக்கு எப்படிடா தெரியும்?"

அத்னான் பட்டியலை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டான். அதன்பின் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. பள்ளிவாசலிலும் ஒரே வரிசையில் நிற்பதைத் தவிர்த்தார்கள்.

பத்து நாள் கழித்து எதிர்க்கட்சியான ஷியாக்களின் கட்சிக்காரர்கள் இரண்டு பேர் கடைக்கு வந்தார்கள். அவர்களும் பட்டியலைப் பார்த்திருந்தார்கள். தங்கள் தலைவரின் படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். "லேட்டானாலும் நேர்வழிக்கு வந்துட்டீங்க சகோதரரே. இதைக் கடையில மாட்டுங்க," என்றார்கள்.

மிஸ்பாஹ் ஆளுக்கொரு ரொட்டி கொடுத்தான். "படம் வேணாம் தம்பிங்களா. இங்க புகையில ஒரே மாசத்துல கறுத்துடும். அப்புறம் அவமரியாதை பண்ணிட்டேன்னு நீங்களே சண்டைக்கு வருவீங்க."

தேர்தலன்று அவனுக்கு ஒரு புதுச் சங்கடம். எங்கள் ஊரில் ஓட்டுப்பெட்டியும் பிரிவுக்கு ஒன்று. நாற்பது வருஷமாகப் பள்ளிக்கூடத்து மாடியில் எங்களோடு நின்று ஓட்டுப் போட்டவனை, "உங்க பெட்டி இங்க இல்ல," என்று பின்கட்டு அறைக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் பேட்டையில் ஷியாக்கள் சொற்பம். அந்தப் பெட்டிக்கு மொத்தம் நாற்பத்தொரு பேர். அத்தனை சிறிய பெட்டியில் யார் யாருக்குப் போட்டார்கள் என்பது எண்ணும்போதே தெரிந்துவிடும். மற்றவர்கள் எல்லோரும் அவரவர் கட்சிக்குப் போட்டிருந்தார்கள். ஒரே ஒரு சீட்டு மட்டும் வெறுமையாக இருந்தது.

அது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் இரண்டு கட்சிக்காரர்களும் தனித்தனியாக என்னிடம் வந்து, உங்கள் சிநேகிதன் எங்களை அவமானப்படுத்திவிட்டான் என்று ஒரே வார்த்தைகளில் குறைபட்டுக்கொண்டார்கள்.

"யாருக்காவது குத்தித் தொலைச்சிருக்கலாமேடா," என்றேன் அவனிடம்.

"யாருக்குக் குத்தினாலும், இவன் இதுக்காகத்தான் மாறினான்னு பேசுவானுங்க. நான் எதுக்கு மாறினேன்னு என் வீட்டுல மூணு பேருக்குத் தெரியும். போதும்."

அடுத்த குளிர்காலத்தில், மாவு பிசைந்துகொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். மருத்துவர் வருவதற்குள் உயிர் போய்விட்டது. இறப்புச் சான்றிதழை நான்தான் எழுதினேன். பிரிவு என்ற இடத்தில் என்ன எழுதவேண்டுமோ அதையே எழுதினேன்.

அடக்கம் செய்ய மையவாடிக்குப் போனபோது சிக்கல் வந்தது. பொறுப்பாளர் காகிதத்தைப் படித்துவிட்டு, "இது நம்ம ஜமாஅத்து இடமாச்சே. மேல கேக்காம நான் எப்படி..." என்று இழுத்தார். ருலா, உடலைச் சுமந்துவந்த சந்தூக்கின் பக்கத்தில் நின்றுகொண்டு அவரையே பார்த்தாள். கூட்டத்தில் கட்சி அலுவலகத்து ஆட்களும் இருந்தார்கள்.

அத்னான் பின்னாலிருந்து வந்தான். எட்டு மாதத்தில் இளைத்துப்போயிருந்தான். "காகிதத்தை முக்தார்கிட்டக் குடுங்க. எங்க அண்ணனை என்கிட்டக் குடுங்க," என்றான். "வாப்பா பக்கத்துல இடம் இருக்கு." யாருடைய பதிலுக்கும் காத்திராமல் சந்தூக்கின் முன்கால் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டான். மற்ற மூன்று கால்களுக்கும் ஆட்கள் தாமாக வந்தார்கள். பொறுப்பாளர் ஒதுங்கி வழிவிட்டார்.

சொத்து மகள்களுக்கே போயிற்று. வாரிசுப் பத்திரத்துக்குச் சாட்சி வேண்டுமென்று நான் சொல்லி அனுப்பியதும் அத்னான் வந்து கையெழுத்துப் போட்டான். "எனக்கு வருத்தம் இல்லன்னு பொய் சொல்லமாட்டேன் முக்தாரே," என்றான். "ஆனா போன மாசம் என் பெரிய பையன் வந்து, பெரியப்பா வீட்டுல நமக்கு எத்தனை பங்குன்னு கேட்டான். அப்ப மையித்து எடுத்து ஒரு வாரம்கூட ஆகல."

பேனாவை மூடி என் மேஜையில் வைத்தான்.

இப்போது அடுப்பை ருலா பார்த்துக்கொள்கிறாள். அவளுடைய ரொட்டி கொஞ்சம் தடிமன், ஆனாலும் வரிசை குறையவில்லை. சித்தப்பா சில நாள் வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்கிறான். தேர்தல் பேச்சை எடுத்தால் மட்டும் அவள், "சித்தப்பா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க, ஆளுங்க நிக்கிறாங்க," என்கிறாள்.