ஹரோல்டும் சாகாத கோசுப் புழுவும்

ஹரோல்டுக்குத் தெரியாத வேலை ஒன்று உண்டு என்று கோலார் தங்கச் சுரங்கத்து ஸ்கெலட்டன் குடியிருப்பில் யாராவது சொன்னால், முதலில் மறுக்கிறவர் ஹரோல்டாகத்தான் இருப்பார். இருபத்திரண்டு வருஷம் சுரங்கத்துக்குள் பாறைக்கு வெடி வைத்தவர். ஒரு வெடிக்கு அசையாத பாறைக்கு இரண்டு வெடி. இரண்டுக்கும் அசையாவிட்டால் மூன்று. உலகத்துச் சிக்கல் எதற்கும் இதைவிட நல்ல வழி உண்டென்று அவர் நம்பியதே இல்லை.

அப்படிப்பட்ட மனுஷர் 1967இல் வீட்டுக்குப் பின்னால் முட்டைக்கோசு போட்டார். அறுப்புப் பண்டிகையன்று தன் கையால் விளைந்ததை வேதக்கோயில் பீடத்தில் வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை. வேலூர்ப் பக்கமிருந்து பிழைக்க வந்த அவர் அப்பா, சாகிறவரை கடையில் வாங்கிய வாழைப்பழத்தைத்தான் அங்கே வைத்தார். விளைவிக்க அவருக்குக் கையகல மண் இருந்ததில்லை. அது ஹரோல்டின் நெஞ்சில் தைத்த முள்.

முதல் வருஷம் புழு வந்தது. டி.டி.டி. பொடியைக் கரைத்து அடித்தார். கொத்துக் கொத்தாக விழுந்தது. மீசையைத் தடவிக்கொண்டார். ஆனால் கோசு திரள்வதற்குள் மறுபடியும் புழு வந்துவிட்டது. மறு வருஷம் மருந்தை இரட்டிப்பாக்கினார். மூன்றாம் வருஷம் ஷிப்டு முடிந்து வந்தால் சோறுகூட அப்புறம்தான், முதலில் மருந்துதான். புழுவோ இலையைச் சல்லடையாக்கிவிட்டு, தொட்டால் நூலில் இறங்கிச் சாவகாசமாக ஊஞ்சலாடியது.

குளியலறைத் தண்ணீர் ஓடும் ஓரத்தில் அவர் மனைவி டெய்சிக்கு மூன்றே மூன்று கோசுச் செடி இருந்தது. அந்தப் பக்கம் மட்டும் மருந்து போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"எங்கோழி மேயற எடம். ஒண்ணு செத்துதுன்னா அன்னிக்கு உங்களுக்குச் சோறு கெடையாது, ஆமா."

சோற்றுக்குப் பயந்து அதை விட்டு வைத்திருந்தார்.

கடைசியில் நான்கு புழுவைத் தீப்பெட்டியில் அடைத்துக்கொண்டு கோலார் விவசாய ஆபீசுக்குப் பஸ் ஏறினார். அங்கிருந்த அதிகாரி கன்னடக்காரர். தமிழ் நன்றாகப் பேசினார்.

"இன்னா சார், மருந்துல கலப்படமா?" என்றார் ஹரோல்ட்.

"மருந்து சரிதான். மொதல்ல அடிச்சப்போ முக்காவாசி செத்திருக்கும். பொறப்புலயே மருந்தைத் தாங்கற ஒண்ணு ரெண்டு தப்பிச்சிருக்கும். அதுங்க பூச்சியாகி ஜோடி சேர்ந்தா, பொறக்கறதுக்கும் அந்தச் சக்தி வரும். நீங்க அடிக்க அடிக்க நோஞ்சான் எல்லாம் போய், வலுவானதுக்கு வலுவானதே ஜோடியாச்சு."

ஹரோல்ட் தீப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். "எங்க வூட்டம்மா செடி மூணுல மருந்தே படலை. அது மட்டும் எப்படி நல்லாக் கீது?"

"இப்போ மருந்து உங்க புழுவைக் கொல்லலை. புழுவைத் தின்ற குளவியையும் சிலந்தியையும் கொன்னுது. அம்மா பக்கத்துல அதுங்க உசுரோட கீது."

திரும்பி வருகிற வழியெல்லாம் ஹரோல்ட் மூன்று வருஷம் அடித்த மருந்தைக் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார்.

பண்டிகையன்று காலையில் டெய்சி தன் மூன்றில் பெரியதை அறுத்து, வெள்ளைத் துணியில் வைத்து அவர் கையில் கொடுத்தாள். "எடுத்துக்கினு போங்க. எந்தச் செடின்னு யாரு கேக்கப் போறாங்க?"

யாரும் கேட்கவில்லைதான். போதகர் கோசைத் தூக்கிக் காட்டி, "பாருங்க, நம்ம ஹரோல்ட் பட்ட பாட்டுக்கு ஆண்டவர் கொடுத்த பலன்" என்றார். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. மூன்று வருஷம் காத்திருந்த நிமிஷம். பேசாமல் தலையை ஆட்டினால் போதும். அப்பாவின் வாழைப்பழம் அவர் கண்முன் வந்து நின்றது. கடையில் வாங்கியதுதான், ஆனாலும் தான் விளைவித்தது என்று அப்பா ஒருநாளும் சொன்னதில்லை.

ஹரோல்ட் போதகரைப் பார்த்து எழுந்து நின்றார்.

"அது டெய்சி வெளைச்சதுங்க ஐயரே. நான் மூணு வருஷமாப் புழுவுக்குப் பொண்ணு பாத்துக் கல்யாணம் பண்ணி வெச்சுக்கினு இருந்தேன்."

பெண்கள் பக்கமிருந்து முதலில் சிரித்தது டெய்சிதான்.